ஆய்வு மாணவர்களுக்கு ஒரு பட்டறை

பட்டறை என்றதும் தச்சரும் கொல்லரும்தான் நம் நினைவுக்கு வருவர். முனைவர் பட்ட மாணவர்களையும் பட்டறையில் பழக்கலாம் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் எலினோர் ஆஸ்ட்ரம், வின்சென்ட் ஆஸ்ட்ரம் தம்பதியர்.

1973ஆம் ஆண்டு புளூமிங்டன் நகரிலுள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தில், அரசியல் கோட்பாட்டுக்கும் கொள்கைப் பகுப்பாய்வுக்குமான பட்டறையை இருவரும் தொடங்கினர். அவ்வூர்த் தச்சர் ஒருவரிடம் இவர்கள் மரவேலை பழகியவர்கள். கைதேர்ந்தவர் பக்கத்தில் நின்று செய்துதான் தொழில் கைவரும். ஆய்வும் அப்படியே என்று கருதி அந்தப் பெயரைச் சூட்டினர்.

எலினோரின் பாதை எளிதாக இல்லை. பெண் என்பதால் பள்ளியில் திரிகோணமிதி படிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. கணிதப் பின்னணி போதாது என்று பொருளாதாரத்தில் முனைவர் பட்டப் படிப்புக்கு இடம் மறுக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் சேர்ந்தார். அங்கே ஆய்வு மாணவர்களுக்கான கருத்தரங்கு வகுப்பில், ஆளுக்கொரு நிலத்தடி நீர்ப்பகுதியை ஆராயும் பணி தரப்பட்டது. எலினோருக்குக் கிடைத்தது கடலோரத்து மேற்குப் படுகை. அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் அங்கே உப்புநீர் புகுந்துகொண்டிருந்தது. நீரைப் பயன்படுத்தியோர் கூடிப் பேசி, இறைப்பைக் குறைக்க உடன்பட்ட விதமே 1965இல் அவரது முனைவர் பட்ட ஆய்வாயிற்று.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பொதுக் குழாயில் யார் முதலில் பிடிப்பது, எத்தனை வாளி பிடிப்பது என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. அத்தகைய விதிகள் எப்போது நிலைக்கும், எப்போது குலையும் என்பதே எலினோரின் வாழ்நாள் கேள்வி. நேப்பாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசனத் திட்டங்களை ஒப்பிட்டபோது, அரசு நடத்தியவற்றைவிட விவசாயிகளே நடத்தியவை பொதுவாகச் சிறப்பாக இயங்கியது தெரியவந்தது. பொதுவளங்களை ஆளும் முறை பற்றிய அவரது நூல் 1990இல் வெளிவந்தது.

அவர்கள் காலத்தில் பட்டறையில் திங்கட்கிழமைதோறும் நண்பகல் கலந்துரையாடல் நடைபெறும். பருவ முடிவில் சிறு மாநாடு. அதில் மாணவர் தம் கட்டுரையைத் தாமே படைப்பதில்லை. இன்னொருவர் அதைப் படித்து எடுத்துரைப்பார். எழுதியவர் பிறகே பதிலளிப்பார். தான் சொல்ல நினைத்தது வாசிப்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அரசியல், பொருளாதாரம், மானிடவியல், வனவியல் எனப் பல துறையினர் ஒரே மேசையைச் சுற்றி அமர்வதால், தன் துறையின் கலைச்சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியாது.

2009இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசை ஆலிவர் வில்லியம்சனுடன் எலினோர் பகிர்ந்துகொண்டார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. பொருளாதாரத் துறை இடம் மறுத்த அதே மாணவி. 2012 ஜூன் மாதத்தில் எலினோரும் வின்சென்டும் அடுத்தடுத்துக் காலமாயினர். பட்டறை இன்று அவர்கள் பெயரில் தொடர்கிறது.

வீட்டில் முதன்முதலாக முனைவர் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு வழிகாட்ட அண்ணனோ அக்காளோ இருப்பதில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் தனியே உட்கார்ந்து எழுதிச் சோர்ந்துபோவோரும் உண்டு. ஆகவே, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணம், உபகாரச் சம்பளம் ஆகியவற்றோடு இன்னும் மூன்றைக் கேட்டறிவது நல்லது: ஆய்வு மாணவர்கள் தவறாமல் கூடும் பட்டறை உண்டா? அரைகுறை வரைவை அங்கே கொண்டுசெல்லலாமா? மேற்பார்வையாளரைத் தவிர வேறு யார் அதைப் படிப்பார்கள்?