நாற்பது தலைமுறை கண்ட கட்டடக் குடும்பம்

தாத்தா தொடங்கிய தொழிலை அப்பா வளர்த்து, பேரன் இழுத்து மூடிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. குடும்பத் தொழில் மூன்று தலைமுறை தாண்டுவதே அரிது. ஆனால் ஜப்பானின் ஒசாகா நகரில் ஒரு குடும்பம் நாற்பது தலைமுறைகளாகக் கட்டடத் தொழில் செய்து வந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் கொங்கோ குமி.

கதை கி.பி. 578ல் தொடங்குகிறது. அப்போது புத்த மதம் ஜப்பானுக்குப் புதிது. கோயில் கட்டத் தெரிந்த தச்சர்கள் அங்கே இல்லை. எனவே கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து தச்சர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான கொங்கோ ஷிகெமிட்சு ஒசாகாவிலேயே தங்கிவிட்டார் என்பது அக்குடும்ப வரலாறு. ஷிதென்னோஜி என்ற புத்தக் கோயிலைக் கட்டுவதும், பின்னர் அதைப் பராமரிப்பதும் அவரது வாரிசுகளின் வேலையாயிற்று. போரிலும் தீயிலும் அந்தக் கோயில் பலமுறை அழிந்தது. ஒவ்வொரு முறையும் வேலை வந்தது.

வேலை மட்டும் இருந்தால் போதுமா? அதைச் செய்யத் தெரிந்த வாரிசும் வேண்டுமே! இங்குதான் அக்குடும்பத்தின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. மூத்த மகன் என்பதற்காக மட்டும் தலைமைப் பதவி கிடைத்துவிடாது. திறமை இல்லையென்றால் இளைய மகனுக்குப் போகும். மகன் சரிப்படவில்லை என்றால் நல்ல தச்சனை மகளுக்கு மணமுடித்து, குடும்பப் பெயரையும் கொடுத்து, வீட்டோடு மாப்பிள்ளையாக்கி விடுவார்கள். அதாவது ரத்தத்தைவிடக் கைத்திறனுக்கே முதலிடம்.

1868க்குப் பின் மெய்ஜி அரசின் கொள்கைகளால் புத்தக் கோயில்கள் நலிந்தன. கோயிலிலிருந்து குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்த நிரந்தர ஊதியமும் நின்றது. பொருளாதார மந்தக் காலத்தில், 1932ல், 37வது தலைவர் வறுமை தாங்காமல் முன்னோர் கல்லறை முன்பு உயிரை மாய்த்துக்கொண்டார். பொறுப்பை ஏற்றவர் அவரது மனைவி யோஷியே. குடும்ப வரலாற்றில் முதல் பெண் தலைவர் அவரே. 1934ல் வீசிய புயலில் ஷிதென்னோஜியின் ஐந்தடுக்குக் கோபுரம் விழுந்தது. அதை மீண்டும் எழுப்பும் பணி யோஷியேவின் காலத்தில் நடந்து 1940ல் முடிந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1945 விமானத் தாக்குதலில் அதுவும் எரிந்து போனது. இரண்டாம் உலகப் போரின்போது மரப்பெட்டிகள் செய்துகொடுத்து நிறுவனம் பிழைத்தது.

போரையும் புயலையும் தாண்டிய குடும்பத்தைச் சாய்த்தது கடன். 1980களில் ஜப்பானில் நிலத்தின் விலை தாறுமாறாக ஏறியது. கொங்கோ குமியும் கடன் வாங்கி நிலத்தில் பணம் போட்டது. கோயில் வேலையோடு நிற்காமல் அடுக்குமாடி வீடுகள், அலுவலகக் கட்டடங்கள் எனப் பழக்கமில்லாத துறைகளில் பெரிய நிறுவனங்களுடன் போட்டியிட்டது. 1990களின் தொடக்கத்தில் விலை சரிந்தது; கடன் மட்டும் மிஞ்சியது. 2006 ஜனவரியில் தகமட்சு என்ற கட்டுமான நிறுவனம் தொழிலை ஏற்றுக்கொண்டது. அத்துடன் 1,400 ஆண்டுகளைத் தாண்டிய குடும்ப உரிமை முடிவுக்கு வந்தது.

ஆனால் தொழில் முடியவில்லை. கோயில் தச்சர்கள் அதே பெயரில் இன்றும் கோயில்களைக் கட்டுகிறார்கள், பழுது பார்க்கிறார்கள். வாரிசு என்றால் பிள்ளை அல்ல, வேலை தெரிந்தவன் என்று முன்னோர் வகுத்த விதிதான் கடைசியில் அந்தப் பெயரைக் காப்பாற்றியது. கைவிட்டது வேலையல்ல, வேலையை மறந்து நிலத்தின் மேல் வைத்த ஆசைதான்.