வெனிஸ் டோஜ் அரண்மனை: தலைவரின் கோட்டை பேரவையின் மாளிகையான வரலாறு

அரசனின் வலிமை பெருகப் பெருக அவனது அரண்மனையும் விரியும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கால்வாய்களின் நகரமான வெனிஸில் நடந்தது வேறு. அந்தக் குடியரசின் தலைவர் டோஜ் எனப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெரும்பாலும் இறக்கும்வரை பதவியில் இருந்தார். டோஜின் அதிகாரம் குறுகிய நூற்றாண்டுகளிலேயே அவர் வாழ்ந்த அரண்மனை பெரிதானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கோட்டையும் கிளர்ச்சியும்

9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டோஜ் அக்னெல்லோ பார்த்திசிபாசியோ காலத்தில், ஆட்சிப்பீடம் மலமோக்கோவிலிருந்து ரியால்ட்டோ தீவுகளுக்கு மாறியது. அங்கு எழுந்த முதல் அரண்மனை ஒரு கோட்டையே. அக்காலத்து டோஜ்கள் சிலர் தம் மகன்களை உடனாட்சியாளராக்கிப் பதவியைக் குடும்பச் சொத்தாக்க முனைந்தனர். 976-இல் டோஜ் நான்காம் பியேத்ரோ காந்தியானோவை எதிர்த்துக் கிளர்ந்த மக்கள் தீ வைத்தனர். அரண்மனையோடு புனித மாற்கு ஆலயமும் எரிந்தது. டோஜும் அவரது பச்சிளம் மகனும் கொல்லப்பட்டனர்.

1172-இல் டோஜ் இரண்டாம் விதாலே மிக்கியேல் கொலையுண்டபின் பதவிக்கு வந்தவர் செபாஸ்தியானோ சியானி. அவர் நீர்முகப்பில் ஆட்சி அவைகளுக்கும் அரண்மனையை ஒட்டிய சதுக்கத்தின் பக்கம் நீதிமன்றங்களுக்கும் தனித்தனிக் கட்டடங்கள் எழுப்பினார். கோட்டை அலுவலகமாக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

விதிகளின் வலை

1268-இல் டோஜ் தேர்தலுக்குப் புதுமுறை வகுக்கப்பட்டது. சீட்டுக் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி நடந்து, இறுதியில் 41 பேர் கொண்ட குழு டோஜைத் தேர்ந்தெடுக்கும். குறைந்தது 25 வாக்குகள் வேண்டும். எந்தக் குடும்பமும் முடிவை முன்கூட்டியே வளைக்க முடியாதபடி செய்வதே நோக்கம். தேர்வானவர் எடுக்கும் உறுதிமொழியும் ஒவ்வொரு முறையும் திருத்தப்பட்டு இறுகியது. அயல்நாட்டுக் கடிதங்களை அவர் தனியே பிரிக்கக் கூடாது. இறந்த பிறகும் அவரது நடத்தை விசாரிக்கப்பட்டது.

1297-இல் டோஜ் பியேத்ரோ கிராதெனிகோ காலத்தில், குடியரசின் உயர் அவையான பேரவையின் உறுப்புரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியதாக்கப்பட்டது. ஆயினும் உறுப்பினர் தொகை ஆயிரத்தைத் தாண்டிப் பழைய மண்டபம் போதாமற்போனது. 1340-இல் தொடங்கிய புதிய மண்டபத்தில் 1419-இல்தான் பேரவை முதன்முறையாகக் கூடியது. ஏறத்தாழ 53 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட அம்மண்டபம், டோஜின் தேவைக்காக அன்றி அவரைக் கட்டுப்படுத்திய அவையின் தேவைக்காக எழுந்தது.

கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோதே டோஜ் மரீனோ ஃபலியேரோ, உயர்குடியினரை வீழ்த்தித் தானே முடியாள முயன்றார். குடியரசின் பாதுகாப்பைக் கவனித்த பதின்மர் அவை அவரைத் தண்டித்தது. 1355 ஏப்ரல் 17 அன்று அரண்மனையிலேயே அவர் தலை துண்டிக்கப்பட்டது. பேரவை மண்டபத்தின் டோஜ் உருவப்பட வரிசையில் அவருக்குரிய இடத்தில் இன்றும் கறுப்புத் திரை மட்டுமே வரையப்பட்டுள்ளது. டோஜ் பிரான்செஸ்கோ ஃபோஸ்காரியின் கதையும் இக்கட்டுரையின் கருத்துக்குத் துணை நிற்கிறது. அவர் ஆட்சியில், 1424 முதல், சதுக்கப் பக்கக் கட்டடம் புதிதாக எழுந்தது. 1457-இல் பதின்மர் அவை அவரையே பதவியிறக்கி வெளியேற்றியது.

தீயும் மறுகட்டுமானமும்

1483 தீ விபத்துக்குப் பின் அந்தோனியோ ரிட்சோ டோஜின் உறைவிடப் பகுதியைப் புதுப்பித்தார். அங்கும் எல்லை இருந்தது: அறைகலன்களை டோஜே கொண்டுவர வேண்டும், அவர் இறந்ததும் குடும்பத்தார் எடுத்துச் செல்ல வேண்டும்.

1577 தீயில் பேரவை மண்டபம் அழிந்தது. பெல்லினி, டிஷியன் போன்றோரின் ஓவியங்களும் கருகின. கட்டடக் கலைஞர் பல்லாதியோ செவ்வியல் பாணியைப் பரிந்துரைத்தும், பழைய கோதிக் வடிவிலேயே மீட்கும் முடிவு எடுக்கப்பட்டது. அந்தோனியோ தா பொந்தே பணியை நடத்தினார். தலைவர்கள் மாறினாலும் குடியரசு மாறாது என்ற எண்ணத்துக்கு இம்முடிவு பொருந்துகிறது.

முடிவு

1797 மே 12 அன்று, நெப்போலியனின் நெருக்கடியில், பேரவை தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. கடைசி டோஜ் லுதோவிகோ மானின் பதவியிழந்தார். பிரெஞ்சு, ஆஸ்திரிய ஆட்சிகளைக் கடந்து 1866-இல் நகரம் இத்தாலியோடு இணைந்தது. அரண்மனை பின்னர் அருங்காட்சியகமானது.

தனிமனித ஆட்சியைத் தடுப்பதில் வெனிஸ் வென்றது. ஆனால் டோஜைக் கட்டுப்படுத்திய அதே அவை, 1297-இல் பெரும்பாலான மக்களுக்கும் கதவைச் சாத்தியிருந்தது. ஆகவே இந்த அரண்மனையின் வளர்ச்சியை மக்களாட்சியின் வளர்ச்சியாகக் கொள்வது பிழை; ஒருவர் கையிலிருந்த அதிகாரம் சில நூறு குடும்பங்களின் கைக்கு மாறியதன் பதிவே அது.