நாடு இழந்த நடிகைகள்

எழுத்தாளன் நாடு விட்டுப் போனால் பேனையும் கூடப் போகும். ஓவியன் போனால் தூரிகை போகும். ஒரு நடிகை போனால் அவளோடு என்ன போகும்? அவளுக்குக் கருவி மொழிதான். அந்த மொழியைக் கேட்கச் சனம் இல்லாவிட்டால் அவளுக்கு மேடையும் இல்லை. அகதி வாழ்க்கை பற்றி நாங்கள் எவ்வளவோ எழுதிவிட்டோம். நடிகைகளுக்கு என்ன நடந்தது என்று அதிகம் எழுதியதில்லை.

முதலில் ஜேர்மன் மேடையில் பெயர் எடுத்த ஹெலனே வைகல். 1900 இல் வியன்னாவில் பிறந்தவர். நாடகாசிரியர் பேர்டோல்ட் பிறெக்டின் மனைவி. 1933 இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் குடும்பத்தோடு வெளியேறினார். டென்மார்க், சுவீடன், பின்லாந்து, கடைசியில் அமெரிக்கா. 1944 இல் வந்த ஒரு ஹொலிவூட் படத்தில் அவருக்குக் கிடைத்தது வசனமே இல்லாத ஒரு சின்னப் பாத்திரம். யுத்தம் முடிந்து திரும்பி, 1949 இல் கிழக்கு பேர்லினில் தாய் கறேஜ் ஆக மேடையேறியபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இடையில் போனது ஒரு நடிகையின் நல்ல வயது முழுவதும்.

அடுத்தவர் உற்றா ஹேகன். 1919 இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரோடு அமெரிக்கா போனவர். அதனால் ஆங்கிலம் அவருக்கு வசப்பட்டது. 1943 இல் போல் றோப்சனோடு ஒதெல்லோவில் டெஸ்டிமோனாவாக நடித்தார். பிறோட்வேயில் 296 காட்சிகள்! கறுப்பினக் கலைஞரான றோப்சனோடு இருந்த தொடர்பால் பிறகு கறுப்புப் பட்டியலில் விழுந்தார். சினிமாக் கதவு மூடியது. ஹேகன் வகுப்பறைக்குள் முழு மூச்சாக இறங்கினார். நாஸிகளுக்குத் தப்பி வியன்னாவில் இருந்து வந்த ஹேர்பேட் பேர்க்கோவ் 1945 இல் நியூயோர்க்கில் தொடங்கிய பயிற்சிக் கூடத்தில் 1947 முதல் படிப்பித்தார். அல் பச்சீனோவும் அங்கே படித்தவர்தான். 2004 இல் ஹேகன் இறந்தார். அந்தப் பள்ளி இருக்கிறது.

ஹேகனின் பயிற்சி கேட்க எளிது. நான் யார்? எங்கே நிற்கிறேன்? இப்ப என்ன நேரம்? எனக்கு என்ன வேணும்? எது தடுக்கிறது? இவற்றுக்குப் பதில் தெரியாமல் மேடையில் கால் வைக்காதே என்பார். வீட்டில் செய்கிற ஒரு சாதாரண வேலையை, அதே பொருட்களோடு, இரண்டு நிமிடம் மேடையில் செய்து காட்டச் சொல்வார்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். ஆனந்தராணி பாலேந்திரா. ஈழத்தில் வானொலி, பரதம், மேடை என்று வளர்ந்தவர். செங்கை ஆழியானின் நாவலை வைத்து 1978 இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்திலும் நடித்தார். அதே 1978 இல்தான் க. பாலேந்திராவும் நண்பர்களும் தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தைத் தொடங்கினார்கள். ரெனசி வில்லியம்ஸின் நாடகம் ‘கண்ணாடி வார்ப்புகள்’ ஆனது. லோர்காவின் நாடகம் ‘ஒரு பாலை வீடு’ ஆனது. பிறெக்டின் நாடகம் ‘யுகதர்மம்’ ஆனது. வைகலின் வீட்டில் எழுதப்பட்ட வசனங்கள் யாழ்ப்பாணத்து வாய்களில் தமிழாக வந்த காலம் அது. பிறகு 1983 வந்தது. அது என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனந்தராணி வைகலைப் போலப் பேச்சற்றுப் போகவில்லை. ஹேகனைப் போல வேறு மொழிக்கும் மாறவில்லை. புலம்பெயர்ந்த பிறகும் தமிழிலேயே நடித்தார். கணவரோடு சேர்ந்து லண்டனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினார். ‘மலைகளை அகற்றிய மூடக் கிழவன்’ போன்ற சிறுவர் நாடகங்களை அந்தப் பிள்ளைகள் மேடையேற்றினார்கள். வீட்டில் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லுகிற பிள்ளை, மேடையில் ஒரு மணித்தியாலம் தமிழில் கோபித்து, கெஞ்சி, சிரிக்க வேண்டும். இது சின்ன விசயம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஹேகனின் மாணவி தண்ணீர் அள்ளும் காட்சி செய்தால் தன் வீட்டுக் குழாயை நினைப்பாள். லண்டனில் பிறந்த பிள்ளை துலாவில் தண்ணீர் அள்ள வேண்டும் என்றால் எதை நினைப்பது? அது பார்த்ததே இல்லை. பழக்குகிறவர் தன் உடம்பில் இருந்து எடுத்து அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் வைக்க வேண்டும். கயிறு இழுபடும் கனம், வாளி நிரம்பும் சத்தம், கூடவே அந்தச் சொற்கள். இந்த வேலையைப் பாடப்புத்தகம் செய்யாது. ஒரு நடிகை செய்வாள்.

நான் இருக்கிற மங்காஃபில் தமிழ்ச் சனத்துக்குக் குறைவில்லை. விழா என்றால் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். நன்றாகவே ஆடுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வாய் திறந்து நாலு வரி தமிழ் பேசுகிற காட்சி அபூர்வம். இத்தனைக்கும் குவைத்தின் சொந்த நாடகமே வெளியில் இருந்து வந்த ஒரு ஆசிரியரால் உருப்பட்டது. எகிப்தியரான ஸக்கி துலைமாத் 1961 இல் இங்கே அரபு நாடகக் குழுவை உருவாக்கினார். அதில் இருந்து வந்த அப்துல்ஹுசைன் அப்துல்ரிதா 2017 இல் இறந்தபோது வளைகுடா முழுவதும் அழுதது.

ஈழத்து நாடக வரலாறு எழுதுகிறவர்கள் நாடகாசிரியர் பெயரையும் நெறியாளர் பெயரையும் எழுதுவார்கள். பிள்ளைகளைப் பழக்கியவர் பெயர் கடைசி வரியில் ‘மற்றும் பலர்’ ஆகிவிடும். எழுதுகிறவர்களே, அந்தப் பெயர்களையும் எழுதுங்கள். வளைகுடாவில் இருக்கிற பெற்றோரே, அடுத்த விழாவுக்கு ஒரு பத்து நிமிட நாடகம் போடுங்கள். பிள்ளை வசனத்தை மறந்து நின்றாலும் பரவாயில்லை. மறக்கிறதுக்கு முதலில் அதைப் பாடமாக்க வேண்டுமே!