ஏ ஒன்

சில வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதையில் நான் ஒரு பாய்மரக் கப்பலை மூழ்கடித்தேன். புயல், இடி, முறிந்து விழும் பாய்மரம், கதாநாயகனின் வீர வசனம் என்று ஒரு அத்தியாயம் முழுவதும் அந்தக் கப்பல் முழுகிற்று. மறு வாரமே, கப்பல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நேயரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கப்பல் முழுகியதெல்லாம் சரி, அதற்கு வயது என்ன, என்ன மரம், எந்த வகுப்பு என்று கேட்டிருந்தார். கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்பதுபோல் இருக்கிறதே என்று எனக்குக் கோபந்தான் வந்தது. பிறகு தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே கப்பல்களுக்கு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள்!

லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு காப்பிக் கடை நடத்தினார். கப்பல்காரர்களும், கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கும் தனவந்தர்களும் அங்கே கூடுவது வழக்கம். லாயிட் காலமாகி வெகு காலத்துக்குப் பின், 1760இல், அந்தக் கடையின் வாடிக்கைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். கண்ணால் பாராத கப்பலின்மேல் பணத்தைக் கட்டுவது எப்படி? ஆகவே ஒவ்வொரு கப்பலையும் பார்த்து, அதன் உடம்புக்கு ஒரு எழுத்தும், நங்கூரம், வடம் முதலிய சாமான்களுக்கு ஒரு குறியும் போட்டு ஒரு ரிஜிஸ்தர் அச்சடித்தார்கள். உடம்புக்குப் போட்டவை இங்கிலீஷின் ஐந்து உயிரெழுத்துக்கள்: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. ஏ உத்தமம். யூ என்றால் கரையிலேயே இருப்பது நல்லது. 1775-76ஆம் வருஷப் பதிப்பில் சாமான்களின் குறி எண்ணாக மாறவே, உயர்ந்த கப்பல் 'ஏ ஒன்' ஆயிற்று. நம்மூர் ஹோட்டல்காரர் தம் காப்பியை 'ஏ ஒன்' என்று புகழும்போது, ஒரு காப்பிக் கடையில் பிறந்த வார்த்தையைத்தான் காப்பிக் கடைக்குத் திருப்பித் தருகிறார்.

நடுவில் ஒரு சண்டை. தேம்ஸ் நதியில் கட்டிய கப்பலுக்கு முதல் வகுப்பில் அதிக வருஷம், வெளியூர்க் கப்பலுக்குக் குறைவு என்று புத்தகக்காரர்கள் ஓரவஞ்சனை செய்யவே, கப்பல் முதலாளிகள் கோபித்துக்கொண்டு 1799இல் போட்டிப் புத்தகம் ஒன்று போட்டார்கள். பச்சைப் புத்தகம், சிவப்புப் புத்தகம் என்று இரண்டும் மோதி, இரண்டும் ஏறக்குறைய திவாலாகி, 1834இல் ஒன்றாயின. அதன்பின் எந்த ஊர் என்ற கேள்வி போய், எந்த மரம் என்ற கேள்வி வந்தது. நம் தேக்கு, இங்கிலாந்தின் ஓக் மரத்தோடு சரியாசனம் பெற்று முதல் வரிசையில் உட்கார்ந்தது. மட்டமான மரம் என்றால் முதல் வகுப்பில் சில வருஷமே வாசம். கெடு முடிந்ததும் ஸர்வேயர் மறுபடி வருவார். விளக்கும் சுத்தியலுமாகக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, கட்டைகளைத் தட்டிச் சத்தம் கேட்பார். மர ஆணிகள் சிலவற்றை அடித்து வெளியே எடுத்து, உள்ளே உளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். பலகை இடுக்குகளின் கலப்பத்து வேலையைச் சோதிப்பார். அவர்கள் கைப்பட நிரப்பிய தாள்கள் ஏராளமாக லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. இப்போது பலவற்றை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம்.

இந்த வகுப்புகளின் விளக்கத்தைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. மேல் வகுப்புக் கப்பலில், நனைந்தால் கெட்டுப்போகும் உயர்ந்த சரக்குகளை ஏற்றலாம். ஈ வகுப்பு என்றால், கடல் நீர் பட்டாலும் கெடாத சரக்கை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். ஐ வகுப்பு அதே சரக்கோடு கிட்டத்துப் பயணம் மட்டும் போகலாம். தேயிலைக்கு நல்ல கப்பல், நிலக்கரிக்கு ஒழுகுகிற கப்பல்! நியாயந்தானே, கரி நனைந்தால் என்ன? ஆனால் அந்தக் கரிக்கு மேலே உட்கார்ந்து இரவு பகலாகப் பம்பு அடிக்கும் மாலுமி எந்தச் சரக்கோடு சேர்த்தி?

அவனுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. புத்தகம் சந்தாதாரர்களுக்கு, அதாவது பணம் போட்டவர்களுக்கு. வகுப்பு வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் கப்பல் முதலாளிக்குக் கிடையாது. ஆனால் கையெழுத்துப் போட்ட மாலுமி, ஓட்டைக் கப்பல் என்று சொல்லி ஏற மறுத்தால் அவனுக்குச் சிறை. 1871இல் வந்த சட்டத்தினால்தான், கோர்ட்டில் நிறுத்தப்பட்ட மாலுமிகள் கப்பலைப் பரிசோதிக்கும்படி கேட்க வழி ஏற்பட்டது. ஸாமுவேல் பிளிம்ஸால் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் இவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தி, 1876இல் கப்பலின் பக்கவாட்டில் பாரக் கோடு போடச் செய்தார். கோட்டை எங்கே போடுவது என்பது மட்டும் முதலாளியின் இஷ்டம்! அது சரியாக இன்னும் 14 வருஷம் ஆயிற்று.

இங்கே ஒரு சக எழுத்தாளரின் ஞாபகம் வருகிறது. ஜோஸப் கான்ராட் இளைஞராக இருந்தபோது 'பாலஸ்தீன்' என்ற பாய்மரக் கப்பலில் இரண்டாவது மேட் உத்தியோகம் பார்த்தார். 1857இல் ஸண்டர்லாண்டில் கட்டியது. 1881 நவம்பரில் நியூகாஸிலிலிருந்து நிலக்கரியோடு பாங்காக்குக்குப் புறப்பட்டது. இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டுவதற்குள் ஒழுக ஆரம்பித்தது. மாலுமிகள் மேலே போக மறுத்துவிட்டார்கள். ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பி, பழுது பார்த்துப் புறப்பட 1882 செப்டம்பர் ஆகிவிட்டது. 1883 மார்ச்சில் சுமத்ரா அருகே, நனைந்தாலும் கெடாது என்று நம்பிய அந்த நிலக்கரி தானாகவே பற்றிக்கொண்டது. கப்பல் போயிற்று. ஆட்கள் படகுகளில் தப்பி பாங்கா தீவில் கரையேறினார்கள். ஸிங்கப்பூரில் விசாரணை நடத்தி, யார்மேலும் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

15 வருஷம் கழித்து, 1898இல், கான்ராட் இதைத்தான் 'இளமை' என்ற கதையாக எழுதினார். அதில், ஃபால்மத்தில் எல்லாப் பழுதும் பார்த்து முடித்த பிறகு எலிகள் கப்பலைவிட்டு வரிசையாக இறங்கிப் போகின்றன. ஸர்வேயரைவிட எலிக்கு அனுபவம் அதிகம் போலும்.

என் தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்தக் கப்பலுக்கு 26 வயது கொடுத்தேன். மரம் மட்டமான மரம், வகுப்பு ஈ. புயலைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பம்பு அடிக்கும் ஆட்கள் நால்வருக்குப் பெயர் வைத்தேன். நேயருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். சரக்கு என்ன என்று கேட்டு மறுபடியும் கார்டு வந்திருக்கிறது.