ஓ.டி., மிகை நேரம், லெபே மாசா: சம்பளச் சீட்டில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நம்மில் பலர் பார்ப்பது கடைசி வரியை மட்டும்தான். ஆனால், நமக்குச் சேர வேண்டிய வெள்ளி கூடுவதும் குறைவதும் அதற்கு மேலே உள்ள சொற்களில்தான் இருக்கிறது.

கூலி, சம்பளம், ஊதியம்

தோட்டத்தில் காலைப் பிரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் வாங்கியது நாள் கூலி. மாதக் கணக்கில் வருவது சம்பளம். 'கூலி' என்று சொல்ல இன்று சிலர் கூச்சப்படுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் ஆளையே அந்தச் சொல்லால் அழைத்ததால் வந்த கறை அது. 619ஆம் குறளில் உழைப்பின் பலனைக் குறிக்க வள்ளுவர் எடுத்த சொல்லும் கூலிதான். 'ஊதியம்' குறளில் இலாபம், பயன் என்ற பொருளில் வரும். இன்று அது சம்பளத்துக்கான ஏட்டுச் சொல்.

மிகை நேர வேலை

பேச்சில் ஓ.டி., செய்தியில் மிகை நேரம் அல்லது கூடுதல் நேரம், மலாயில் 'கெர்ஜா லெபே மாசா'. தீபகற்பத்தில் நடப்பில் உள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு நாளின் வழக்கமான வேலை நேரத்தைத் தாண்டிச் செய்வதே மிகை நேர வேலை. 2023 ஜனவரி 1 முதல் வழக்கமான நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது. மிகை நேரம் மாதத்துக்கு 104 மணி வரைதான்.

வழக்கமான நாளில் இதற்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம்; அதை 8 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு உரியது. 1,700 வெள்ளி வாங்குபவருக்கு அது 8.17 வெள்ளி, ஓ.டி. என்றால் 12.26 வெள்ளி.

மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்கு ஓ.டி. கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. உடலுழைப்பு வேலை செய்பவருக்கு இந்த வரம்பு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஓ.டி.யா?

பலர் அப்படித்தான் சொல்கிறோம். சட்டத்தில் அது 'ஓய்வு நாள் வேலை'. மாதச் சம்பளக்காரர் தன் ஓய்வு நாளில் அரை நாள் வரை வேலை செய்தால் அரை நாள் சம்பளமும், அதற்கு மேல் வழக்கமான நேரம் முடியும்வரை செய்தால் ஒரு நாள் சம்பளமும் கூடுதலாகக் கிடைக்கும். அந்த நேரத்தையும் தாண்டினால்தான் மணிக்கு இரண்டு மடங்கு. பொது விடுமுறையில் அது மூன்று மடங்கு.

அடிப்படைச் சம்பளமும் அலவன்ஸும்

பலர் ஏமாறும் இடம் இது. ஓ.டி. கணக்கு 'காஜி போக்கோக்' எனப்படும் அடிப்படைச் சம்பளத்தோடு நிற்பதில்லை. வேலைக்காக மாதந்தோறும் கொடுக்கும் நிலையான அலவன்ஸும் அதில் சேரும். போக்குவரத்து அலவன்ஸும் ஆண்டு போனஸும் சேராது. 1,700 வெள்ளியோடு 200 வெள்ளி பொறுப்பு அலவன்ஸ் வாங்குபவருக்கு ஓ.டி. மணிக்கு 13.70 வெள்ளி. அலவன்ஸை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 40 மணி நேரத்தில் ஏறக்குறைய 58 வெள்ளி கை நழுவும்.

இன்னொன்று: ஓ.டி. பணத்துக்கு ஊழியர் சேமநிதி பிடிப்பதில்லை, சொக்சோவுக்கு உண்டு. பொறுப்பு அலவன்ஸ் போன்றவற்றுக்குச் சேமநிதி பிடிக்க வேண்டும். மாதாமாதம் நிலையாக வரும் தொகையை 'ஓ.டி.' என்று சீட்டில் எழுதினால், இழப்பு இன்று தெரியாது. வயதான காலத்தில் சேமநிதிக் கணக்கைப் பார்க்கும்போது தெரியும்.

வழக்கமான சம்பளம், சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் வர வேண்டும். ஓ.டி. பணம் அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் வந்தால் போதும். ஆகவே இந்த மாத ஓ.டி.யை அடுத்த மாதச் சீட்டிலும் தேடிப் பாருங்கள். வேலைக்கு வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஒரு சிறு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கணக்கு ஒத்து வராவிட்டால், அந்த நோட்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அருகில் உள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.