மூணு மடிப்பு வச்ச பாவாடை

எங்க கரிசல் பக்கத்துல பொறந்த பிள்ளைக்கு முதல்ல சுத்துற துணி புதுசா இருக்காது. நல்லா வெளுத்து, நைஞ்சு, பூ மாதிரி ஆன பழைய வேட்டித் துணிதான். புதுத்துணியில கஞ்சி இருக்கும், பிள்ளை தோல்ல உரசும். பழசு உறுத்தாது. தூளியும் அம்மாவோட பழைய நூல்சேலைதான். அந்தச் சேலையில அம்மா வாசம் இருக்கிறதால பிள்ளை சீக்கிரம் தூங்கிரும்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஆக, எங்க ஊர்ல துணியோட வரலாறு பிள்ளைகிட்ட இருந்துதான் தொடங்குது. போன வாரம் என் மகளுக்கு ஒரு கவுன் வாங்கிட்டு வந்தோம். அதைத் திருப்பிப் பார்த்த எங்கம்மா, "இதுல பிரிச்சு விட ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி எவ்வளவு கதை இருக்குன்னு யோசிச்சதுல வந்ததுதான் இந்தப் பதிவு.

தையல் நமக்குப் புதுசு இல்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மக்களைப் பட்டியல் போடும்போது துன்னகாரர்களையும் சேர்த்துச் சொல்லுது. துன்னகாரர்னா தையல்காரர். தமிழில் 'தையல்' என்ற சொல்லுக்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனா காசு வாங்கித் தைக்கிற வேலை நெடுங்காலமா ஆம்பளைங்க கையிலதான் இருந்தது. பொம்பளைங்க கையில இருந்தது கிழிசலுக்கு ஒட்டுப்போடுற ஊசி. இன்னொண்ணு கோணி ஊசி. கடலை மூட்டை, மல்லி மூட்டை வாயைத் தைக்கிற அந்தத் தடிச்ச ஊசி இன்னைக்கும் எங்க வீட்டு உத்தரத்துல செருகியிருக்கு. பருத்தி எடுக்கப் போறவங்க சேலையையே மடியாக் கட்டிப்பாங்க. அதைத் தைக்கணும்னு அவசியமே இல்லை. வேட்டி, சேலை, துண்டு, கோவணம் எல்லாமே தறியில இருந்து வந்தபடியே உடுத்துற துணிகள். தையல் வேணும்னு வர்றது ரவிக்கைக்கும், சட்டைக்கும், பிள்ளைக உடுப்புக்கும்தான்.

ரவிக்கைன்னு சாதாரணமா சொல்லிட்டேன். எங்க ஊருக்குத் தெற்கே, அன்றைய தென் திருவிதாங்கூரில், ஒரு தைச்ச சட்டைக்காகப் பொம்பளைங்க அடி வாங்கியிருக்காங்க. நாடார் முதலான சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்த காலம் அது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்களுக்காக மிஷனரிகளின் மனைவிமார் தொளதொளன்னு ஒரு குப்பாயத்தை வடிவமைச்சாங்க. அதுக்கும் எதிர்ப்பு வந்தது. சந்தையில் துணியைக் கிழிச்சாங்க, வீடுகளைக் கொளுத்தினாங்க. தோள்சீலைக் கலகம் விட்டுவிட்டுப் பல பத்தாண்டுகள் நடந்து, 1859இல் திருவிதாங்கூர் மன்னர் அறிவிப்பு வெளியிட்ட பிறகுதான் ஓரளவு அடங்கியது. அப்பவும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடதான் அனுமதி கிடைச்சது.

அதே நாகர்கோவிலில்தான் இன்னொரு ஊசிவேலையும் தொடங்கியது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் அங்கே வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார். திண்டு மேல வரைபடக் காகிதத்தை வச்சு, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுத்தின சின்னச் சின்னக் கட்டைகளை மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுற வேலை அது. லேஸ் வித்த காசு பள்ளிக்கும் போச்சு, பின்னின கைக்கும் வந்தது. அந்தக் காசைச் சேர்த்து அடிமைத்தனத்தில் இருந்து தன்னை மீட்டுக்கிட்ட பெண்களும் உண்டு. மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே வளர்ந்து தமிழை நன்றாகப் பேசியவர். 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இடையன்குடிக்குப் போனபோது லேஸ் வேலையும் அவரோடு போனது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை நமக்குத் தெரியும். தேரிக்காட்டு மணல் ஊரில் பெண்பிள்ளைகளை உக்கார வச்சு எழுத்தும் பின்னலும் சொல்லிக் கொடுத்த எலைசாவை அவ்வளவாத் தெரியாது.

லேஸ் எங்க கரிசல் வரைக்கும் வரலை. வந்தது மெஷின்தான். 1830இல் பிரான்ஸில் திமோனியே என்ற தையல்காரர் ஒரு மெஷினுக்கு உரிமம் வாங்கினார். பிழைப்பு போயிரும்னு பாரிஸ் தையல்காரர்கள் அவர் மெஷின்களை அடிச்சு நொறுக்கினாங்க. 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் மேல்நூலும் கீழ்நூலும் பூட்டிக்கிற தையலுக்கு உரிமம் வாங்கினார். 1851இல் ஐசக் சிங்கர் வந்தார். சிங்கர் கம்பெனி மெஷினைத் தவணையில் விக்க ஆரம்பிச்சதும் அது சாதாரண வீடுகளுக்குள்ளேயும் நுழைஞ்சது. நம்ம நாட்டு மெஷினான உஷா 1930களில் கல்கத்தாவில் உருவாச்சு. எங்க பக்கத்து ஊர்களில் இன்னைக்கும் ஓடுற பழைய மிதி மெஷின்களில் பெரும்பாலும் இந்த ரெண்டு பேர்தான் இருக்கும்.

இயந்திரங்களைச் சந்தேகத்தோட பார்த்த காந்தி, தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924இல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் அவரிடம் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். மனைவி கையால் தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அந்த மெஷினைச் செய்தார் என்று காந்தி பதில் சொன்னார். உண்மையில் சிங்கர் அப்படிப்பட்ட கணவர் இல்லை. அவருக்குப் பல குடும்பங்கள் இருந்தன, பிள்ளைகளும் இருபதுக்கு மேல. அவர் பார்த்தது வியாபாரம். ஆனாலும் மெஷின் யாருடைய முதுகுவலியைக் குறைக்குதுன்னு கேட்ட காந்தியோட கேள்வி சரியான கேள்விதான். அந்த மாணவர் ஜி. ராமச்சந்திரன் பிற்பாடு தன் மனைவி டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து, 1947இல் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு வந்த ஆதாரக் கல்வியால் பள்ளிக்கூடத்துக்குள்ள தக்ளி வந்தது. எங்கப்பா தலைமுறை தக்ளி சுத்தியிருக்கு. அப்புறம் தையல் டீச்சர்கள் வந்தாங்க. ஓட்டுத்தையல், சங்கிலித்தையல், எம்மிங், காஜா எல்லாம் ஒரு நோட்டுல துண்டுத்துணி ஒட்டிச் செய்யணும்.

இனி எங்க வீட்டுக் கதை. 1984. நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. அந்த வருஷம் பருத்தி காயாகுற நேரத்துல மழை பொய்ச்சிருச்சு. எங்க அக்காவுக்குப் பதினோரு வயசு, எனக்கு அஞ்சு, தம்பி கைப்பிள்ளை. அப்போ எங்க ஊருக்கு விடியக்காலையில தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வரும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கம் எந்த ஊருக்காரரைக் கேட்டாலும் இந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லுவாங்க. இருட்டோட பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போய், பொழுது சாய்ஞ்ச பிறகு கொண்டாந்து விடும். கட்டை அடுக்குறதுக்கும் பெட்டி ஒட்டுறதுக்கும் சின்ன விரல்தான் வாகு என்பாங்க. ஏஜெண்ட் எங்க வீட்டுக்கும் வந்து முன்பணம் தர்றேன்னார். அப்பா ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தார். அம்மாதான், "ஒரு வாரம் கழிச்சு வாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு வாரத்துல ரெண்டு வெள்ளாட்டையும் காதுத் தோட்டையும் வித்து, கோவில்பட்டியில் ஒரு பழைய மிதி மெஷினை 450 ரூபாய்க்கு வாங்கியாச்சு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே தையல் படிச்சவர். ஏஜெண்ட் மறுபடி வந்தப்போ, "பிள்ளை பள்ளிக்கூடம் போவுதுண்ணே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சொல்ல லேசா இருக்கு. ஆனா ஒரு ரவிக்கைக்கு மூணு ரூபாதான் கூலி. பாதிப்பேர் கடன் சொல்லுவாங்க, இல்லேன்னா கம்போ சோளமோ குடுப்பாங்க. மழை பெய்தா வேலைக்குப் போயிருவார். ராத்திரி சிம்னி வெளிச்சத்துல தைப்பார். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் கோக்க அக்காவைக் கூப்பிடுவார். தூளிக் கயிறு அக்கா கையில, பாடப்புத்தகம் மடியில, மெஷின் சத்தம் பக்கத்துல. தம்பிக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வரும். மெஷின் நின்னா முழிச்சுக்குவான். அம்மாவுக்கு இன்னைக்கும் இடுப்பு வலி விடலை, நாப்பது வயசுலயே கண்ணாடி போட்டாச்சு. அக்காவோட வகுப்பில் படிச்ச பொம்பளைப் பிள்ளைகளில் பத்தாவது வரை வந்தது ரெண்டே பேர். அதுல ஒண்ணு அக்கா. இப்போ அங்கன்வாடியில வேலை பார்க்கிறா. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல்தான் வந்தது. பஸ் முழுசா நிக்க அதுக்கப்புறமும் பல வருஷம் ஆச்சு.

மடிப்புக் கதைக்கு வர்றேன். வளர்ற பிள்ளைக்குத் தைக்கும்போது அம்மா பாவாடையில மூணு மடிப்பு வைப்பார். அடியில ஒண்ணு, அதுக்கு மேல வரிவரியா ரெண்டு. பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனா அது சேமிப்பு. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு மடிப்பைப் பிரிச்சு விட்டா மூணு வருஷம் பாவாடை கூடவே வளரும். பிரிச்ச இடத்துல துணி வெளுக்காம ஒரு கோடு பளிச்சுனு தெரியும். அந்தக் கோட்டை எண்ணினா பாவாடைக்கு எத்தனை வயசுன்னு சொல்லிரலாம். சட்டைக்குப் பக்கத் தையல்ல ரெண்டு விரக்கடை விட்டுத் தைப்பார். அக்கா பாவாடை குட்டையானதும் எனக்கு டவுசர் ஆகாதான்னு கேட்டு அழுதிருக்கேன்னு சொல்லுவாங்க. கடைசியா அது தலையணை உறை, அப்புறம் கைப்பிடித் துணி, அப்புறம் மெஷின் துடைக்கிற துணி. வெட்டுத்துணியைக்கூட வீசினதில்லை. சுருக்குப்பை தைச்சு வெத்தலை போடுற ஆச்சிகளுக்குக் குடுப்பார்.

கம்பளி நூல் பின்னல் எங்க வெக்கைக்குத் தேவைப்படலை. ஆனாலும் பின்னுற கை சும்மா இருக்குமா? எண்பதுகள்ல வயர் கூடை வந்தது. சிவன் கண், நெல்லிக்காய்னு முடிச்சுக்கெல்லாம் பேர். கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரி கொண்டுவந்த கூடையிலதான் இப்பவும் காட்டுக்குச் சோறு போகுது.

இப்போ நிலைமை வேற. 1920களில் பனியன் தைக்க ஆரம்பிச்ச திருப்பூர் இன்னைக்கு உலகத்துக்கே உடுப்பு அனுப்புது. எங்க ஊர்ப் பிள்ளைகளும் அங்கே போய்த் தைக்கிறாங்க. ஒருத்தி காலர் மட்டும், ஒருத்தி கை மட்டும். முழுச்சட்டை தைக்கத் தெரியாமலே பத்து வருஷம் தைச்சவங்க உண்டு. அரசாங்கப் பள்ளியில் சீருடை இலவசமா வருது. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் தைக்கிறதால கூலியும் ஏதோ ஒரு வீட்டு அடுப்புக்குப் போகுது. ஆதரவற்ற பெண்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல இலவச மெஷினும் உண்டு. எங்க தெருவுல அப்படி ஒரு மெஷின் ஓடுது. அந்த வீட்டுப் பெண் நர்சிங் படிக்குது.

பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரலை. எங்கம்மாகிட்ட கேட்டா, "ரெடிமேடு இருந்திருந்தா நான் ஏம்ப்பா கண்ணைக் கெடுத்துக்கிறேன்" என்பார். அது நியாயம். ஆனா வளர்ற பிள்ளைக்கு மடிப்பு வைக்கிற அந்தக் கணக்கு ரெடிமேடுல இல்லை. ஆறு மாசத்துல குட்டையாகணும், அடுத்தது வாங்கணும், அதுதான் அதோட கணக்கு. டவுன்ல இருக்கிறவங்க அடுத்த தடவை பிள்ளைக்கு உடுப்பு எடுக்கும்போது கீழ்மடிப்பைத் திருப்பிப் பாருங்க. ரெண்டு விரக்கடையாவது இருந்தா எடுங்க. இல்லேன்னா துணியா எடுத்து, உங்க தெருவுல தைக்கிற அக்காகிட்ட குடுத்து, "வளர்ற பிள்ளை, மடிப்பு வச்சுத் தைங்க" என்று சொல்லுங்க. சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க.

மகளுக்கு இப்போ எட்டு வயசு. பித்தான் தைக்கக் கத்துக்கிட்டா. மகனுக்கும் சொல்லிக் குடுக்கணும்னு அம்மா சொல்லியாச்சு, நாலு வயசு முடியட்டும். புரட்டாசிப் பட்டம் நெருங்குது, விதைப்பு முடிஞ்சதும் கருங்கண்ணிப் பருத்தியைப் பற்றி எழுதுறேன்.