அறுபதில் தாய்மை: ஒரு மருத்துவரும் அவர் தாண்டிய எல்லைகளும்

பதினேழு வயது மகனை மோட்டார் சைக்கிள் விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய். வயது அறுபதைத் தொட்டுவிட்டது. இயற்கை அவருக்கு இன்னொரு பிள்ளையைத் தரப் போவதில்லை. இருந்தாலும் 1994ஆம் ஆண்டு ஜூலை மாதம், தமது 63வது வயதில், இத்தாலியைச் சேர்ந்த அந்தப் பெண் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். இறந்த மகனின் பெயரையே பிறந்த குழந்தைக்கும் வைத்தார்.

செய்தி உலகமெங்கும் பரவியது. அற்புதம் என்று சிலர் கைதட்டினர். இது இயற்கைக்கு விரோதம் என்று சிலர் கொதித்தனர். இரு தரப்பும் உச்சரித்த பெயர் ஒன்றுதான்: டாக்டர் செவரினோ அந்தினோரி.

குழந்தைப்பேறு மருத்துவத்தின் வரலாற்றில் இவரைப்போல் புகழையும் பழியையும் ஒருசேரச் சுமந்தவர்கள் குறைவு. இவரது வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால், மருத்துவம் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்கான எல்லா விடைகளும், அவற்றின் விலையும் கண்முன் வந்து நிற்கும்.

தொடக்கம்

அந்தினோரி 1945ஆம் ஆண்டு இத்தாலியின் அப்ரூட்சோ பகுதியில் பிறந்தவர். அவர் மருத்துவராக வளர்ந்த காலம் பெரும் மாற்றங்களின் காலம். 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி, இங்கிலாந்தின் ஓல்டம் நகரில், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தார். அந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்தவர்கள் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற இருவர். அவர்களையும் அன்று பலர் பழித்தனர். ஆனால் 2010ஆம் ஆண்டு எட்வர்ட்சுக்கு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்டெப்டோ அதற்கு வெகு காலம் முன்பே மறைந்துவிட்டார்.

நம் வட்டாரமும் இதில் பின்தங்கவில்லை. 1983ஆம் ஆண்டு சிங்கப்பூரில், இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம் தலைமையிலான குழுவின் முயற்சியால் ஒரு சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அது அன்று அறிவிக்கப்பட்டது.

இன்று பழிக்கப்படுவது நாளை போற்றப்படும் என்ற பாடத்தை லூயிஸ் பிரவுனின் பிறப்பு மருத்துவ உலகுக்குக் கற்றுத் தந்தது. அந்தப் பாடத்தை அந்தினோரி தமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். தம்மை எதிர்ப்பவர்கள் எல்லாரும் அன்று எட்வர்ட்சை எதிர்த்தவர்களைப் போன்றவர்களே என்று அவர் நினைத்ததாகத் தோன்றுகிறது. அவரது தவறும் அங்கேதான் தொடங்கியது.

கருப்பைக்கு வயது இல்லையா?

அறுபது வயதில் பிள்ளை பெறுவது எப்படிச் சாத்தியம்? ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய சினைமுட்டைகள் அனைத்தும் உடலில் இருக்கின்றன. வயது ஏற ஏற அவை குறைகின்றன, தரமும் இழக்கின்றன. ஏறக்குறைய ஐம்பது வயதில் மாதவிலக்கு நிற்கும்போது அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் கருப்பை அவ்வளவு விரைவில் ஓய்வதில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைக் கொடுத்தால் அது மறுபடியும் கருவைத் தாங்கத் தயாராகிறது.

எனவே, இளம்பெண் ஒருவரிடமிருந்து சினைமுட்டையைப் பெற்று, கணவரின் விந்தணுவோடு ஆய்வுக்கூடத்தில் சேர்த்து, உருவான கருவை மூத்த பெண்ணின் கருப்பையில் வைத்தால் போதும். இதை அந்தினோரி கண்டுபிடிக்கவில்லை. தானமாகப் பெற்ற சினைமுட்டையின் மூலம் குழந்தைகள் 1984ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டன. மற்றவர்கள் நின்ற இடத்தில் அவர் நிற்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

1993ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, 59 வயது பிரிட்டிஷ் பெண் ஒருவர் லண்டனில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். வயதைக் காரணம் காட்டிச் சொந்த நாட்டில் சிகிச்சை மறுக்கப்பட்டதால் அவர் ரோமுக்குச் சென்று அந்தினோரியிடம் சிகிச்சை பெற்றவர். பிள்ளை பெறுவது பெண்ணின் உரிமை அல்ல, நல்ல குடும்பச் சூழலில் வளர்வதே பிள்ளையின் உரிமை என்ற கருத்தை பிரிட்டனின் அன்றைய சுகாதார அமைச்சர் வெர்ஜீனியா பாட்டம்லி முன்வைத்தார். அடுத்த ஆண்டு 63 வயதுத் தாயின் செய்தி வந்ததும் விவாதம் மேலும் சூடுபிடித்தது.

இரு பக்க நியாயங்கள்

எதிர்ப்பாளர்களின் வாதம் எளிதானது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது தாய்க்கு எண்பது வயதிருக்கும். பிள்ளையைத் தாய் வளர்ப்பாரா, தாயைப் பிள்ளை பராமரிக்குமா? அந்த வயதில் கருவுற்றால் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயக் கோளாறு போன்ற ஆபத்துகளும் கூடுதல்.

ஆதரவாளர்கள் வேறொரு கேள்வி கேட்டனர். நடிகர் சார்லி சாப்ளின் 73 வயதில் தந்தையானார். அதைத் தடுக்க வேண்டும் என்று யாராவது சட்டம் கேட்டார்களா? ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதியா? பேரப்பிள்ளைகளைப் பாட்டிகள் வளர்த்து ஆளாக்கிய குடும்பங்கள் எத்தனை? குழந்தை இல்லாத பெண்ணை மலடி என்று ஒதுக்கிவைத்த சமூகம், அவள் தாயாக முயலும்போது மட்டும் வயதைக் கணக்குப் பார்ப்பது ஏன்?

இந்தக் கேள்விகளை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தினோரியிடம் போனவர்கள் விளம்பரத்துக்காகப் போகவில்லை. வேறு எல்லாக் கதவுகளும் மூடிய பிறகு அவர் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். அவரது பலமும் அதுவே. அவரிடம் இருந்த அதிகாரமும் அதுவே.

1995ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் சங்கம் தனது நடத்தை நெறியில், மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் செயற்கைக் கருத்தரிப்புச் செய்யக்கூடாது என்று விதித்தது. ஆனால் நாட்டில் சட்டம் ஏதும் இல்லை.

குளோனிங் என்ற மாயை

1996ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் டோலி என்ற குளோனிங் செம்மறியாடு பிறந்தது. 277 முயற்சிகளில் உயிரோடு பிறந்தது அது ஒன்றுதான். 2001ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பணியாற்றிய பனோஸ் சவோஸ் என்பவருடன் சேர்ந்து, குழந்தையில்லாத் தம்பதியருக்காக மனிதரையே குளோனிங் செய்யப் போவதாக அந்தினோரி அறிவித்தார். டோலியை உருவாக்கிய இயன் வில்மட்டே அதை எதிர்த்தார். குளோனிங் செய்யப்பட்ட விலங்குகளில் பல கருவிலேயே இறந்தன, பிறந்தவற்றில் பல ஊனத்துடன் இருந்தன என்று விஞ்ஞானிகள் எச்சரித்தனர்.

அந்தினோரி கேட்கவில்லை. ஒரு பெண் குளோனிங் கருவைச் சுமப்பதாக 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் கூறியதாகச் செய்தி வந்தது. குழந்தை 2003 ஜனவரியில் பிறக்கும் என்று பின்னர் அறிவித்தார். 2009ஆம் ஆண்டு, மூன்று குளோனிங் குழந்தைகள் ஏற்கெனவே பிறந்து வளர்ந்துவருவதாக ஓர் இத்தாலிய வார இதழிடம் சொன்னார். எதற்கும் அவர் ஒரு சான்றும் தரவில்லை. முன்பு செய்து காட்டிவிட்டுப் பேசியவர், இப்போது பேச்சோடு நிறுத்திக்கொண்டார்.

சட்டம் பாய்ந்தது யார் மீது?

இந்தக் கூச்சல்களின் விளைவு வேறு எங்கோ விழுந்தது. 2004ஆம் ஆண்டு இத்தாலி நாடாளுமன்றம் 40ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. அது சினைமுட்டை, விந்தணு தானத்தை முற்றாகத் தடை செய்தது. ஒரு முறைக்கு மூன்று கருக்களுக்கு மேல் உருவாக்கக்கூடாது. உருவாக்கிய அனைத்தையும் கருப்பையில் வைத்தாக வேண்டும் என்றது.

அறுபது வயதுப் பெண்களைத் தடுக்க ஒரு வயது வரம்பே போதும். ஆனால் இந்தச் சட்டத்தில் சிக்கியவர்கள் முப்பது வயதுத் தம்பதியர். இளம்பெண்ணுக்கு மூன்று கருக்களையும் வைத்தால் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் உருவாகும் ஆபத்து. வயது கூடியவர்களுக்கோ மூன்று போதாது. கையில் பணம் உள்ளவர்கள் ஸ்பெயின் போன்ற நாடுகளுக்குச் சென்றனர். மற்றவர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டனர். சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை நீக்க 2005ஆம் ஆண்டு பொது வாக்கெடுப்பு நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபை வாக்களிக்கப் போகாதீர்கள் என்றது. நால்வரில் ஒருவரே வாக்களித்ததால் அது செல்லாமல் போனது. மூன்று கருக்கள் என்ற வரம்பை 2009ஆம் ஆண்டிலும், தானத்துக்கான தடையை 2014ஆம் ஆண்டிலும் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. பத்தாண்டுகளில் பல பெண்களுக்குக் கருத்தரிக்கும் வயதே கடந்துவிட்டது.

மிலானில் நடந்தது

தானம் சட்டப்படி சரி என்றாகிவிட்டது. தானம் செய்யத்தான் ஆளில்லை. விந்தணு கொடுப்பது போன்றதல்ல சினைமுட்டை கொடுப்பது. பெண் பல நாள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மயக்கம் கொடுத்து, ஊசி மூலம் முட்டைகளை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குப் பணம் கொடுக்க இத்தாலியில் அனுமதி இல்லை. முட்டைகள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டன.

இந்தச் சூழலில், 2016ஆம் ஆண்டு மே மாதம் அந்தினோரி கைது செய்யப்பட்டார். மிலானில் அவரது மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த இளம் ஸ்பானியத் தாதி ஒருவர், கட்டிக்குச் சிகிச்சை என்று சொல்லித் தமக்கு ஊசிகள் போடப்பட்டதாகவும், பின்னர் வலுக்கட்டாயமாக மயக்கம் கொடுத்துத் தம் சினைமுட்டைகள் எடுக்கப்பட்டதாகவும் புகார் செய்தார். அந்தினோரி மறுத்தார். 2018ஆம் ஆண்டு மிலான் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து, ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில், 77 வயதில் அவர் காலமானார்.

ஒரு பெண்ணின் உடல் அவளுக்கே சொந்தம், தாயாவதா இல்லையா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று கால் நூற்றாண்டு வாதாடியவர் அவர். இறுதியில், ஒரு பெண்ணின் உடலிலிருந்து அவள் சம்மதமின்றி எடுத்துக்கொண்டார் என்பதே அவர் மீதான தீர்ப்பு.

எல்லை எங்கே?

இன்று நாடுகள் தத்தம் வழியில் எல்லை வகுக்கின்றன. சிங்கப்பூர் 2004ஆம் ஆண்டு மனிதக் குளோனிங்கைச் சட்டப்படி தடை செய்தது. அதே சிங்கப்பூர், பெண்களுக்கு இருந்த 45 வயது வரம்பை 2020ஆம் ஆண்டு நீக்கியது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு, எழுபது வயதைக் கடந்த ஆந்திரப் பெண் ஒருவர் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். 2021ஆம் ஆண்டின் சட்டம் அங்கே பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வரம்பு வைத்தது. ஆணுக்கும் ஒரு வரம்பு வைத்தது கவனிக்க வேண்டியது.

வயதை எண்ணுவது எளிது. மருத்துவரின் அறையில் இல்லாதவர்களை எண்ணிப் பார்ப்பதுதான் கடினம். அந்த அறையில் ஆசையோடு வந்த தம்பதியர் இருக்கின்றனர்; ஆற்றலுள்ள மருத்துவர் இருக்கிறார். பிறக்கப் போகும் பிள்ளை அங்கே இல்லை. முட்டை கொடுத்த பெண்ணும் அங்கே இல்லை. அந்த இருவருக்காகவும் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சட்டமும் நெறிமுறைக் குழுக்களும் தேவைப்படுகின்றன. அழுதுகொண்டு வந்த தாய்மார்களின் கண்ணீரை அந்தினோரி துடைத்தது உண்மை. யாருடைய கண்ணீரையும் வரவழைக்காமல் அதைச் செய்வதே மருத்துவம்.